பிபி மெஷின் ஒவ்வொரு முறையும் ஏன் வேறு எண் காட்டுகிறது?

கேள்வியின் சாரம் இது: ஒரே ஆளுக்கு, ஒரே கையில், பத்து நிமிடத்துக்குள் தானியங்கி பிபி மெஷினில் மூன்று முறை பார்த்ததில் மேல் அழுத்தம் 148, 139, 134 என்று வந்திருக்கிறது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தபோது 130. மெஷின் பழுதா, எந்த எண்ணை நம்புவது?

இந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு மெஷின் பழுது என்று சொல்ல இடமில்லை. ஆனால் மெஷின் சரி என்றும் சொல்லிவிட முடியாது. காரணம், இதில் பிழை இரண்டு ரகம். ஒன்று சிதறல்: ஒரு முறை கூடுதலாக, ஒரு முறை குறைவாக என்று இரண்டு பக்கமும் விழுவது. பல முறை அளந்து சராசரி எடுத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். மற்றது சாய்வு: எத்தனை முறை அளந்தாலும் ஒரே பக்கமாகத் தள்ளிக் காட்டுவது. சராசரி இதைத் தொடவே தொடாது. பருத்த கைக்குச் சிறிய கஃப் (கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டை) போட்டு நூறு முறை அளந்தால் நூறு முறையும் கூடுதலாகத்தான் வரும். மூன்று எண்ணும் ஒட்டி வருகிறது, ஆகவே மெஷின் துல்லியம் என்று நினைப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எண்கள் ஒட்டி வருவது சிதறல் குறைவு என்பதற்கு மட்டுமே சாட்சி. வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிற எண் இது. எனவே சாய்வைத் தேடிப் பிடிப்பதில்தான் கவனம் போக வேண்டும்.

முதலில் மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பாதி குழப்பம் இங்கேயே தீரும்.

மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் மெஷின் நேரடியாக அளப்பதில்லை. அதன் உள்ளே இருப்பது ஒரு காற்றழுத்த சென்சார்தான். கஃபில் காற்றை ஏற்றி, கை தமனியில் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. பாதரசம் வீதம் இறக்குகிறது (இனி மி.மீ. என்றே சொல்கிறேன்). ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் தமனி விரிந்து கஃபை லேசாகத் தட்டும். கஃபில் 120 மி.மீ. அழுத்தம் இருக்கும்போது அந்தத் தட்டு உண்டாக்கும் அதிர்வு 1 முதல் 3 மி.மீ. அளவுதான். காற்று இறங்க இறங்க இந்த அதிர்வு வளர்ந்து, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, மறுபடி தேயும். உச்சம் வருகிற இடத்துக் கஃப் அழுத்தம், தமனியின் சராசரி அழுத்தத்துக்கு நெருக்கமானது. மெஷினுக்கு உறுதியாகக் கிடைப்பது அந்த ஒரு புள்ளி மட்டுமே.

மேல் அழுத்தம் இருக்கும் இடத்தில் அதிர்வில் தெளிவான அடையாளம் எதுவும் கிடையாது. கஃப் அழுத்தம் மேல் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்போதே கஃபின் மேல் விளிம்பில் ரத்தம் வந்து மோதி அதிர்வைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் மென்பொருள் ஒரு விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. உச்சம் வந்த கஃப் அழுத்தத்துக்கு மேலே, அதிர்வு உச்ச அளவில் ஏறத்தாழ பாதியாக இருக்கும் இடம் மேல் அழுத்தம். அந்தக் கஃப் அழுத்தத்துக்குக் கீழே, ஏறத்தாழ முக்கால் பங்கு இருக்கும் இடம் கீழ் அழுத்தம். சில நிறுவனங்கள் அதிர்வு மாறும் வேகத்தை வைத்தும் கணிக்கின்றன. சரியான விகிதம் எது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமே ரகசியமாக வைத்திருக்கிறது. ஒரே கையில் இரண்டு நிறுவன மெஷின்கள் 6, 7 மி.மீ. வித்தியாசம் காட்டினால் அதில் ஒன்று பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டும் வேறு வேறு சூத்திரத்தில் கணிக்கின்றன.

இந்த முறையிலேயே பிறக்கும் சிதறலும் உண்டு. நாடி நிமிடத்துக்கு 60, காற்று விநாடிக்கு 3 மி.மீ. இறங்குகிறது என்றால், 3 மி.மீ.க்கு ஒரு துடிப்புதான் மெஷின் கையில் சிக்கும். நாடி 45 என்றால் 4 மி.மீ.க்கு ஒன்று. உண்மையான அளவு இரண்டு துடிப்புகளுக்கு நடுவே விழுந்தால் அதை ஊகித்து நிரப்ப வேண்டியதுதான். அத்துடன் மூச்சை இழுக்கும்போது மேல் அழுத்தம் சில மி.மீ. இறங்கி, விடும்போது ஏறுவது இயல்பு. மெஷின் மேல் அழுத்தத்தை எடுக்கும் துடிப்பு ஒன்று, 15, 20 விநாடி கழித்துக் கீழ் அழுத்தத்தை எடுக்கும் துடிப்பு இன்னொன்று. அடுத்தடுத்த அளவீடுகளில் 4, 5 மி.மீ. முன்பின் இருப்பதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி சாய்வு. இதில் முதல் குற்றவாளி கஃப் அளவு.

கஃபின் துணி எவ்வளவு பெரியது என்பது கணக்கில் வராது. உள்ளே இருக்கும் காற்றுப் பைதான் கணக்கு. பையின் அகலம் கைச் சுற்றளவில் சுமார் 40 சதவீதம், நீளம் சுமார் 80 சதவீதம் இருக்க வேண்டும். கைச் சுற்றளவு 32 செ.மீ. என்றால் பை ஏறத்தாழ 13 செ.மீ. அகலம், 26 செ.மீ. நீளம். பை குறுகலாக இருந்தால், கஃபில் உள்ள அழுத்தம் முழுசாகத் தமனி இருக்கும் ஆழம்வரை இறங்காது. தமனியை மூட மெஷின் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதலும் உங்கள் பிபி என்றே திரையில் வரும். அளவு பெரிய கஃப் இதற்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டும், ஆனால் தவறின் அளவு சிறியது. இரண்டு அளவுக்கு நடுவே கை மாட்டிக்கொண்டால் பெரியதையே எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. 2023-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், 195 பேருக்குச் சரியான கஃபும் சரியில்லாத கஃபும் மாற்றி மாற்றிப் போட்டு அளந்தார்கள். சிறிய கஃப் தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான கஃப் போட்டபோது மேல் அழுத்தம் சராசரியாக 3.6 மி.மீ. குறைந்தது. பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்கு 4.8 மி.மீ. கூடியது. மிகப் பெரிய கஃப் தேவைப்பட்டவர்களுக்குக் கூடியது 19.5 மி.மீ. உண்மையில் 125 இருப்பவருக்கு 144 என்று வந்து, இல்லாத உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து தொடங்க இதுவே போதும்.

ஆகவே தையல் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். தோள்பட்டையின் எலும்பு முனைக்கும் முழங்கையின் எலும்பு முனைக்கும் நடுப் புள்ளி எதுவோ, அங்கே சுற்றளவு. கை தொங்கியபடி, தசையை முறுக்காமல். அந்த எண் கஃபின் மேல் அச்சிட்ட வரம்புக்குள் நன்றாக உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியோடு வரும் கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரை அல்லது 22 முதல் 42 செ.மீ. வரை என்றிருக்கும். இரண்டாவது ரகம், ஒரே கஃபை அகன்ற வரம்புக்குப் பயன்படுத்தும்படி மென்பொருளில் திருத்தம் செய்தது. அந்த மாடலோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதை நம்பலாம்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கஃப் கிழிந்துவிட்டது என்று வேறு நிறுவனக் கஃபை வாங்கிச் சொருகாதீர்கள். குழாய் பொருந்தும், காற்று ஏறும், எண்ணும் வரும். ஆனால் பையின் கொள்ளளவும் விறைப்பும் மாறினால் அதிர்வின் வடிவமே மாறும். மெஷினின் விகிதக் கணக்கு அதன் சொந்தக் கஃபுக்காக வகுத்தது. எண் தவறு என்று காட்டிக்கொடுக்க அங்கே எந்த எச்சரிக்கையும் வராது.

கட்டும் விதத்திலும் பிசகு வரும். கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும். தமனிக்கான அம்புக்குறி கையின் உள்பக்கம், நாடி தட்டுப்படும் இடத்துக்கு நேரே வரட்டும். ஒன்றிரண்டு விரல் உள்ளே நுழையும் அளவு இறுக்கம் போதும். தளர்ந்த கஃப் காற்று ஏறும்போது நடுவில் பலூனாக உப்பும். தோலைத் தொடும் அகலம் குறையும். சிறிய கஃப் போட்ட அதே விளைவு, எண் கூடும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கயிறு கட்டியதுபோல் கையை இறுக்கும், கழற்றிவிடுவதே மேல். மேற்கை மேலே பருத்தும் கீழே மெலிந்தும் கூம்பாக இருப்பவர்களுக்கு நேரான கஃப் கீழ்ப்பக்கம் வாய் பிளந்து நிற்கும். வளைவாக வெட்டிய கூம்பு வடிவக் கஃப்கள் இவர்களுக்கென்றே வருகின்றன.

அடுத்தது கையின் உயரம். கஃப் இதயத்தின் மட்டத்தில், அதாவது மார்பெலும்பின் நடுப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும். கஃப் அதற்கு 10 செ.மீ. கீழே இருந்தால், அந்த உயரத்து ரத்தத் தூணின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும், 10 செ.மீ. மேலே இருந்தால் அதே அளவு குறையும். இது வெறும் பௌதிகம், மெஷின் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் தப்பாது. 2024-இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வில், மேஜையில் கை வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால், கையை மடியில் வைத்தபோது மேல் அழுத்தம் 3.9 மி.மீ., பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 மி.மீ. சராசரியாகக் கூடியது. கையை ஆளே தூக்கிப் பிடித்திருந்தால் உயரம் சரியாக இருந்தும் பயனில்லை. தசை இறுகி நிற்பதே அழுத்தத்தை ஏற்றிவிடும். கை முழுவதும் எதன் மீதாவது சாய்ந்திருக்க வேண்டும். மல்லாந்து படுத்து அளக்கும்போதும் படுக்கையில் கிடக்கும் கை இதயத்துக்குச் சில செ.மீ. கீழேதான் இருக்கும், மேற்கைக்கு அடியில் சின்னத் தலையணை வையுங்கள்.

மணிக்கட்டு மெஷின்களில் இதே பிழை பெரிதாகிறது. மணிக்கட்டை 20 செ.மீ. கீழே வைத்துவிடுவது யாருக்கும் எளிது, 15 மி.மீ. போய்விட்டது. மேற்கைக் கஃப் பொருந்துகிறவர்கள் மணிக்கட்டு மெஷினை வாங்க வேண்டியதில்லை.

உடல் நிலையால் வரும் மாற்றங்களை மெஷினின் கணக்கில் எழுதக் கூடாது. அப்போது அழுத்தம் நிஜமாகவே ஏறியிருக்கிறது, மெஷின் அதைச் சரியாகவே சொல்கிறது. நாம் தெரிந்துகொள்ள விரும்பிய அழுத்தம் அது இல்லை, அவ்வளவுதான். பேசிக்கொண்டே அளப்பது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இரண்டுமே 10 மி.மீ. வரை ஏற்றக்கூடியவை. கால் மேல் கால் போடுவதும், முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்வதும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. காபி, புகை, உடற்பயிற்சி மூன்றுக்கும் 30 நிமிட இடைவெளி வேண்டும். குளிர்ந்த அறையும் ஏற்றும். சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, போனைப் பார்க்காமல் 5 நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுத் தொடங்க வேண்டும். அந்த 5 நிமிடத்தைத்தான் எல்லோரும் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் 148, 139, 134 வரிசைக்கு விளக்கம் பெரும்பாலும் இதுவே. படிப்படியாக இறங்கும் மூன்று எண்கள் போதுமான ஓய்வு இல்லாததன் அடையாளம். முதல் முறை கஃப் இறுக்கும்போது வரும் பதற்றமும் அதில் சேரும். முதல் எண்ணை ஒதுக்கிவிட்டுப் பின்னிரண்டின் சராசரியை எடுத்தால் 136.5. மருத்துவரின் 130-க்கும் அதற்கும் உள்ள தூரம் 6.5 மட்டுமே. அளவீடுகளுக்கு நடுவே காற்று முழுவதும் இறங்கி ஒரு நிமிடமாவது போகட்டும். உடனே மறுபடி பொத்தானை அழுத்தினால் கையில் தேங்கிய ரத்தம் வடிந்திருக்காது, அதுவும் எண்ணைக் குழப்பும்.

அசைவு எப்படிக் கெடுக்கிறது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. மெஷின் தேடும் அதிர்வு 1 முதல் 3 மி.மீ. என்று பார்த்தோம். விரலை மடக்கினாலோ கஃபின் குழாய் எதிலாவது உரசினாலோ அதைவிடப் பெரிய அதிர்வு வரும். நல்ல மெஷின் பொருந்தாத துடிப்பைத் தள்ளிவிடும் அல்லது பிழைக்குறி காட்டி நிறுத்தும். எளிய மெஷின் அதையும் துடிப்பென்று எடுத்துக்கொண்டு ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். கை நடுக்கம் உள்ளவர்கள், குளிரில் நடுங்குபவர்கள், ஓடும் வண்டியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு எடுத்த எண்ணை இதனால் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். மெஷின் காற்றை ஏற்றி, பாதியில் நிறுத்தி, மேலும் ஏற்றினால், முதல் ஏற்றத்தில் அது மேல் அழுத்தத்தைத் தாண்டவில்லை அல்லது அசைவு குறுக்கிட்டது என்று பொருள். அந்த அளவீட்டை விட்டுவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று: பூஜ்யம் பார்த்தல். பல மெஷின்கள் இயக்கியவுடன், கஃபில் காற்று இல்லை என்று வைத்துக்கொண்டு அந்த நொடியின் அழுத்தத்தைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ளும். அப்போது கஃபில் பழைய காற்று மிச்சமிருந்து, அதை யாராவது அழுத்திக்கொண்டிருந்தால், பூஜ்யமே தள்ளிப்போய் முழு அளவீடும் அதே அளவு குறையும். கஃபை விரித்துக் காற்றைப் பிழிந்து விட்டு, கட்டி முடித்து, கையைக் கீழே வைத்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

மேலே சொன்ன அத்தனையும் திருத்தக்கூடியவை. திருத்த முடியாதவை ரத்தக் குழாயிலும் இதயத்திலும் இருக்கின்றன.

தமனி விறைத்துப்போன முதியவர்களில் அதிர்வின் உச்சம் கூர்மையாக இல்லாமல் தட்டையாகப் பரந்து கிடக்கும். சராசரி அழுத்தத்தின் இடமே மங்கலாகிறது. அதை வைத்து விகிதத்தால் கணிக்கும் மேல், கீழ் அழுத்தங்கள் இன்னும் விலகும். எந்தப் பக்கம் விலகும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. இவர்களுக்கு இந்த விலகல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் திரும்பி வரும். நூறு பேரின் சராசரியில் மிகச் சரியாக இருக்கும் மெஷின், குறிப்பிட்ட ஒருவருக்கு எப்போதும் 10 மி.மீ. தள்ளிக் காட்ட முடியும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வெளியேறும் அளவு மாறுகிறது. அதிர்வும் ஏறி இறங்கும். மெஷினின் கணக்கோ, அதிர்வு மாறுவது காற்று இறங்குவதால்தான் என்ற நம்பிக்கையில் கட்டியது. இவர்களுக்குக் குறைந்தது மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். முடிவெடுக்கும் முன் ஸ்டெதஸ்கோப் முறையிலும் பார்ப்பது நல்லது. வலுவில்லாத துடிப்புகளை மெஷின் எண்ணாமல் விடுவதால் திரையில் வரும் நாடி எண்ணும் உண்மையைவிடக் குறையலாம். திரையில் ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி அடிக்கடி வந்தால் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குறி நோயை உறுதி செய்யாது, தேடச் சொல்கிறது.

கர்ப்ப காலத்தில், குறிப்பாக ப்ரீ-எக்லாம்ப்சியாவில் (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோய்), பல மெஷின்கள் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். ஆபத்து மிகுந்த திசை அது. கர்ப்பிணிகளில் தனியாகச் சோதித்துத் தேறிய மாடலைத் தவிர வேறு எதையும் இந்த நேரத்தில் பயன்படுத்தக் கூடாது. எண் நன்றாக இருந்தும் கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி இருந்தால் எண்ணை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

அழுத்தம் மிகவும் தாழ்ந்த நிலையில் கஃப் மெஷின், தமனிக்குள் குழாய் செருகி அளப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கு உண்டு; மிக உயர்ந்த நிலையில் குறைத்துக் காட்டும். இரண்டு முனையிலும் நிலைமையை மென்மையாக்கிச் சொல்கிறது என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். மருத்துவமனை மானிட்டரில் அடைப்புக்குறிக்குள் வரும் சராசரி அழுத்தத்தை அங்கே அதிகம் நம்புவதும் இதனால்தான். மெஷினிடம் இருப்பதில் நேரடி அளவுக்கு மிக அருகில் நிற்பது அது.

இனி மெஷினே பழுதாவது. மக்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நடைமுறையில் மேலே சொன்னவற்றைவிட இதன் பங்கு சிறியது. சென்சாருக்கு அனுமதிக்கப்பட்ட பிழை வழக்கமாக ±3 மி.மீ. காற்றுக் கசிவு பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கசிவினால் சென்சார் பொய் சொல்லாது. அந்த நொடியில் கஃபில் உள்ள அழுத்தத்தைச் சரியாகவே படிக்கும். காற்று வேகமாக இறங்குவதுதான் பிரச்சினை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விழுந்து கணிப்பு கரடுமுரடாகிறது. குழாய், சொருகும் முனைக்கு அருகே வெடிப்பது வழக்கம். அங்கே வளைத்துப் பாருங்கள், சீறல் கேட்கும். பேட்டரி தளர்ந்தால் பம்ப் திணறும். பெரும்பாலும் தவறான எண்ணுக்குப் பதில் பிழைக்குறிதான் வரும்.

சோதிக்கும் முறை இது. கஃபை ஒரு கடினமான உருளையில் சுற்றி, குழாயில் டி வடிவ இணைப்பைப் போட்டு, அதன் ஒரு முனையில் ஒப்பீட்டு மானோமீட்டர் (அழுத்தமானி), இன்னொன்றில் கைப்பம்ப். மெஷினைப் பராமரிப்பு நிலையில் வைத்து 50, 100, 150, 200, 250 மி.மீ.களில் இரண்டின் எண்களையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் சென்சார் நலம். பிறகு அழுத்தத்தை நிறுத்திவைத்துப் பார்த்தால் கசிவு நிமிடத்துக்கு 6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழ் என்று கொடுப்பது பெரும்பாலும் இதற்குத்தான். சென்சார் சரி என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த மென்பொருளின் விகிதக் கணக்கு மனிதக் கையில் சரியாக வருகிறதா என்பதற்கு இந்தச் சோதனையில் பதில் இல்லை. கையின் துடிப்பைப் போலச் செய்து காட்டும் மின்னணு சிமுலேட்டரில் வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான். மெஷின் திரும்பத் திரும்ப ஒரே எண்ணைத் தருகிறதா என்று தெரியும், அந்த எண் மனிதருக்குச் சரியா என்று தெரியாது.

மனிதரில் சரியா என்பதற்கு இருக்கும் தேர்வு ஐஎஸ்ஓ 81060-2 என்ற சர்வதேசத் தரநிலை. குறைந்தது 85 பேரில், பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதஸ்கோப் வைத்து எடுத்த அளவோடு மெஷினை ஒப்பிடுகிறார்கள். வித்தியாசத்தின் சராசரி 5 மி.மீ.க்குள், திட்ட விலக்கம் (வித்தியாசங்கள் தங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 8 மி.மீ.க்குள் வர வேண்டும். இந்த 8 என்ன சொல்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி வித்தியாசம் பூஜ்யமாகவே இருந்தாலும், திட்ட விலக்கம் 8 என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஓர் அளவீடு 10 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கும். அதுவும் தேர்வில் பாஸ்தான். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள், கைச் சுற்றளவு 42 செ.மீ.க்கு மேல் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தப் பொதுத் தேர்வு போதாது, தனித் தேர்வு வேண்டும். விற்பனை அனுமதி வேறு, இந்தத் தேர்வில் தேறுவது வேறு. கடையில் இருக்கும் மாடல்களில் பல இதை எழுதியதே இல்லை. ஸ்ட்ரைட் பிபி என்ற இணையப் பட்டியலில் மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் போதாது, மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

தேர்வில் தேறிய மெஷினும் உங்கள் கைக்குச் சரியா என்று அறிய ஒரே வழி, உங்கள் கையிலேயே ஒப்பிடுவது. மெஷினைக் கஃபோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 5 நிமிட ஓய்வுக்குப் பிறகு அதே கையில் உங்கள் மெஷின், ஸ்டெதஸ்கோப், மறுபடி மெஷின், மறுபடி ஸ்டெதஸ்கோப் என்று ஒரு நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றி மூன்று ஜோடி எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஜோடியை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டின் சராசரி வித்தியாசத்தைப் பாருங்கள். 5 மி.மீ.க்குள் என்றால் நிம்மதி. 6 முதல் 10 வரை என்றால் இன்னொரு நாள் திரும்பச் செய்யுங்கள். 10-ஐத் தாண்டி, கஃபும் சரியாக இருந்தால், அந்த மெஷின் உங்களுக்கானது இல்லை. ஒருமுறை மட்டும் எடுத்த இரண்டு எண்களை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள். ஸ்டெதஸ்கோப் முறையும் பிழையற்றது அல்ல: அவசரத்தில் காற்றை வேகமாக இறக்கினால் மேல் அழுத்தம் குறைவாகவும் கீழ் அழுத்தம் கூடுதலாகவும் வரும், 0-இல் முடியும் எண்ணாக எழுதும் பழக்கமும் பரவலானது. நீங்கள் சொன்ன 130-கூட 126-ஆகவோ 134-ஆகவோ இருந்திருக்கலாம்.

தொடக்கத்தில் ஒருமுறை இரண்டு கையிலும் பாருங்கள். திரும்பத் திரும்ப 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் எது கூடுதலோ அந்தக் கைதான் இனி அளவுக்கு. மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

பிறகு சிதறலை அடக்குவது எளிது. 7 நாள், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவே ஒரு நிமிடம். முதல் நாளை விட்டுவிட்டால் 24 அளவீடுகள் மிஞ்சும். அவற்றின் சராசரிதான் மருத்துவருக்குப் பயன்படும் எண். வீட்டு அளவில் 135/85 என்பதே உயர் அழுத்தத்தின் எல்லை. மருத்துவமனை அளவில் வழக்கமாகச் சொல்லும் 140/90-ஐ இதற்குப் பொருத்தக் கூடாது. நன்றாக வந்த எண்ணை மட்டும் எழுதி, வராததை விட்டுவிட்டால் சராசரிக்கும் நாமே ஒரு சாய்வைக் கொடுத்துவிடுகிறோம். வந்ததை அப்படியே எழுதுங்கள்.

கை மிகவும் பருத்து எந்தக் கஃபும் பொருந்தாதவர்களுக்கு மட்டும், சோதித்துத் தேறிய மணிக்கட்டு மெஷின் ஏற்கத்தக்க மாற்று. மணிக்கட்டை மார்பு மட்டத்தில் தலையணை அடுக்கி ஊன்றி, கையை நேராக வைத்து எடுக்க வேண்டும். பொருந்தாத மேற்கைக் கஃபை இழுத்து ஒட்டி எடுக்கும் எண்ணைவிட அது மேலானது.